நாலாம் இடத்தில் நாலு கிரகம்

கட்டிலை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஊரே திரண்டு வந்தாலும் சரி. வந்தனா அழுதாலும் சரி. (பன்னிரண்டு வருடத்தில் என் மனைவி அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அழுவது நான்தான். அது வேறு விஷயம்.) இந்தச் சிம்மஸ்த மேளாவுக்கு என் மாடி அறை எனக்கு. அதில் உள்ள கட்டில் எனக்கு. கட்டிலுக்கு நேரே தண்ணீரைச் சிந்திக்கொண்டு ஓடும் கூலர் எனக்கு. மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை தூக்கம் எனக்கு. இதில் பேச்சுக்கே இடமில்லை.

உஜ்ஜயினியில் வீடு வைத்திருப்பவனுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். குரு பகவான் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சிம்ம ராசிக்கு வருகிறார். அவர் பாட்டுக்கு வருகிறார், போகிறார். அவர் வந்திருக்கும்போது ஷிப்ரா நதியில் ஒரு முழுக்குப் போட்டே தீருவது என்று பாதி நாடு கிளம்பி வருகிறது. சாமியார்களுக்குக் கூடாரம் போடுகிறார்கள். யானைகளுக்குக் கொட்டகை போடுகிறார்கள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் போடுவதில்லை. அவர்களுக்குத்தான் நாங்கள் இருக்கிறோமே.

போன மேளா வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். வந்தனாவின் பக்கத்திலிருந்து ரத்லாம், மந்த்சோர், ஜாவ்ரா என்று மூன்று ஊரிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். மூன்று நாள் என்றார்கள். முப்பது நாள் இருந்தார்கள். அப்போது வாடகை வீடு, ஒரே குளியலறை. காலையில் குளிக்கப் போட்ட வரிசையில் எனக்குச் சாயங்காலம்தான் முறை வரும். புது மாப்பிள்ளையான நான் படிக்கட்டில், இருபத்திரண்டு செருப்புகளுக்கு நடுவில் படுத்தேன். மாதக் கடைசியில், கண்ணை மூடிக்கொண்டே எந்தச் செருப்பு யாருடையது என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

இந்தத் தடவை விடமாட்டேன். ஏனென்றால் இந்தத் தடவை என் கையில் ஆயுதம் இருந்தது. என் ஜாதகம்.

நான் பிறந்ததும் ஒரு மேளாவில்தான். முப்பத்தாறு வருடத்துக்கு முன், ஏப்ரல் மாதக் கடைசியில், சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரம் கழித்து. ரிஷப லக்னம். லக்னத்திலிருந்து எண்ணினால் நாலாம் இடம் சிம்மம். நாலாம் இடம் என்றால் வீடு, சுகம், படுக்கை, நிம்மதி. அந்த ஒரே கட்டத்தில் குரு, சனி, செவ்வாய், ராகு நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். குரு, கேட்காமலே புத்தி சொல்லும் பெரிய மனிதர். சனி, வந்தால் கிளம்பாதவர். செவ்வாய், குளியலறைக் கதவைத் தட்டுகிறவர். ராகு, அடுத்தவர் தட்டில் கை வைக்கிறவர். யோசித்துப் பார்த்தால் நாலு பேருமே என் மனைவியின் பக்கத்து ஆட்கள்.

நான் பிறந்து இரண்டாம் நாள், அதே ஆஸ்பத்திரியில், அதே காலை நேரத்தில் என் சித்தப்பா மகன் கைலாஷ் பிறந்தான். அவன் ஜாதகத்திலும் அச்சடித்தாற்போல அதே நாலு பேர், அதே இடம். ஆனால் அவன் பயந்தாங்கொள்ளி. ஐந்து விரலிலும் ஐந்து கல் மோதிரம் போட்டுக்கொண்டு, கை கழுவ அரைமணி எடுத்துக்கொள்வான்.

என் அப்பா ஜோசியர். அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், "இது நாலாம் இடமாடா, சத்திரமாடா?" என்று தலையில் அடித்துக்கொள்வார். எட்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டை வாங்கும்போதும் அதைப் பார்த்துவிட்டு என்னென்னவோ ஏற்பாடு செய்தார். எனக்கு மதியத் தூக்கம் தள்ளிப்போன எரிச்சல். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன். மறு வருடம் அப்பா போய்விட்டார்.

அவர் கையால் எழுதினார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கோபால் மந்திருக்குப் பின் சந்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருக்கிறேன். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பதினாறு பக்கம் வந்து விழும். கிரகச் சேர்க்கைகளுக்கான பலன்கள் உள்ளேயே இருக்கின்றன. வேண்டுமானால் நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம். இந்த வசதியை நான் அதுவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. தொட்டேன்.

இந்த வருடம் குருவோடு ராகுவும் சிம்மத்தில். நான் பிறந்தபோது கூடின அதே இரண்டு பேர், முப்பத்தாறு வருடம் கழித்து, அதே கட்டத்தில். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எவனுக்குக் கிடைக்கும்? ஒரு காலை முழுவதும் யோசித்து எழுதினேன்.

'நான்காம் இடத்தில் குரு, சனி, செவ்வாய், ராகு நால்வரும் கூடப் பெற்ற ஜாதகர், குருவும் ராகுவும் மீண்டும் சிம்மத்தில் கூடும் காலத்தில், தம் குடும்பத்தார் தவிர வேறு எவரையும் தம் இல்லத்தில் தலைசாய்க்க விடலாகாது. விட்டால், வந்தவர் போகார்.'

கடைசி இரண்டு வார்த்தையை எனக்கு நானே சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டேன். அச்சடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வந்தனா கடலை மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

"என் ஜாதகம். கடைசிப் பக்கத்தைப் படி. நான் எழுதல. கிரகம் எழுதினது."

கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"வந்தவர் போகார்னா?"

"போகமாட்டாங்க. இங்கேயே இருந்துடுவாங்க."

"எங்க அண்ணன் ரத்லாம்ல சேவுக் கடையை விட்டுட்டு இங்க உட்கார்ந்து என்ன பண்ணுவாரு?"

"அதை ராகுகிட்டதான் கேக்கணும்."

"போன மேளாவுக்கு வந்தாங்க. போயிட்டாங்களே?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "போன தடவை குரு மட்டும்தான் சிம்மத்துல. ராகு மேஷத்துல இருந்தது. அதனால தப்பிச்சோம். இப்ப ரெண்டும் சேருது. சும்மா விளையாட்டு இல்ல."

வந்தனா தாளை நாலாக மடித்தாள். பிறகு சொன்னாள்: "சாஸ்திரம்னு வந்துட்டா அப்புறம் நாம என்னங்க பண்றது."

எனக்குத் தலை சுற்றியது. இந்தப் பெண்மணி நான் சொன்ன எதற்கும் இதுவரை தலையாட்டினதில்லை. இன்று வெயில் அதிகம் என்றால்கூட நேற்றுதான் அதிகம் என்பாள்.

"ஆனா ஒரு சந்தேகம்ங்க."

"கேளு, கேளு." குருநாதர் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒரு வீட்டுல பத்துப் பேர் இருப்பாங்க. அதுல யார் ஜாதகத்தை வச்சு இதைப் பார்க்கிறது? மதியம் நீங்க தூங்கப் போனா கடையில உட்காருறது நான்தானே. யாராவது கேட்டா முழிக்கக் கூடாது பாருங்க."

"வீடு யாருதோ அவங்க ஜாதகம். நாலாம் இடம்னா வீடு. வீட்டுக்குடையவன் ஜாதகத்துலதான் வீட்டோட பலன் பேசும்."

"வீட்டுக்குடையவர்னா வீட்டுல வயசுல பெரியவரா? சம்பாதிக்கிறவரா? பத்திரத்துல பேரு இருக்கிறவரா?"

"பத்திரம்தான். சாஸ்திரத்துல வழவழா கொழகொழாவே கிடையாது."

"அப்ப அதையும் சேர்த்து எழுதிடுங்களேன். ஆளுக்கு ஒரு மாதிரி அர்த்தம் பண்ணிக்குவாங்க."

என்ன ஒரு சிரத்தை. மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக, 'இப்பலன் வீட்டுப் பத்திரத்தில் பெயருள்ளவரின் ஜாதகத்துக்கே பொருந்தும்' என்று ஒரு வரி சேர்த்தேன். சேர்க்கும்போது எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

அதன்பிறகு நாலு நாள் நான் மனிதனாக வாழ்ந்தேன். காலையில் அவல் போஹாவோடு இரண்டு ஜிலேபி கூடுதலாக வாங்கினேன். மதியம் நாலு மணிக்கு எழுந்தவன் நாலரைக்கு எழுந்தேன். வந்தனா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் மதியம் தூங்கிக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே டொய்ங், டொய்ங் என்று சத்தம். எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினேன். பஞ்சடிக்கிறவர் வில்லை வைத்துக்கொண்டு பஞ்சு மலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்தனா. தைத்து முடித்த மெத்தைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. எண்ணினேன். ஏழு. நாலு பாக்கி என்றார் பஞ்சடிக்கிறவர்.

"கடையை யார் பார்க்கிறா?" என்றேன்.

"அரைமணி முன்னாடியே அடைச்சுட்டேங்க."

"இது யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. அண்ணிக்கு. அக்காவுக்கு..."

"வந்தனா, உனக்குப் படிச்சுக் காட்டினேனா இல்லையா? வந்தவர் போகார்."

"அது உங்க ஜாதகத்துக்குங்க."

"என் வீட்டுக்கு என் ஜாதகம்தானே?"

அவள் இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். தயாராக வைத்திருந்திருக்கிறாள். உள்ளே வீட்டுப் பத்திரம்.

"உரிமையாளர், திருமதி வந்தனா நாகர். நான்தாங்க அது. கீழ, சாட்சின்னு போட்டிருக்கு பாருங்க. கையெழுத்து யாருது?"

என்னுடையது. தூக்கக் கலக்கத்தில் போட்டது. வால் கூடச் சரியாக வரவில்லை.

"இது... இது எப்படி..."

"நாலாம் இடத்துல நாலு கிரகம், இவன் பேருல வீடு வேண்டாம், மருமக பேருல எழுதிடலாம்னு மாமாதானே சொன்னாரு. இதே சேர்க்கையைப் பார்த்துதான் சொன்னாரு. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. கேட்டால்தானே மறப்பதற்கு. எட்டு வருடமாக 'என் வீடு, என் வீடு' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒருத்தரும் திருத்தவில்லை.

"எனக்கு மேஷ லக்னம்," என்றாள் வந்தனா. "நாலாம் இடத்துல சந்திரன் ஆட்சி. ஆளுங்க வந்து வயிறாரச் சாப்பிட்டாதான் வீடு விளங்கும்னு பலன். நீங்களே கல்யாண நாளுக்குப் பிரிண்ட் போட்டு லாமினேட் பண்ணிக் கொடுத்தீங்க. பூஜை அறையில மாட்டியிருக்கேன்."

பஞ்சடிக்கிறவர், "நல்ல ஜாதகம்மா" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார் மேல் காட்டுவது? பத்திரம் எழுதச் சொன்னவர் போய்விட்டார். பொருத்தமான வரியைச் சேர்த்தவன் நான். அன்று சாயங்காலம் வரை என்னை நானே முறைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு விதமாக மனதைத் தேற்றிக்கொண்டேன். பதினோரு பேர்தானே. என் பக்கத்திலிருந்து காந்தா அத்தை, சரோஜ் அத்தை என்று பதினாலு பேர் வருவார்கள், அவர்கள் எப்போதும் தங்குவது கைலாஷ் வீட்டில். அவன் பெயரில் உள்ள வீடு, நாலு அறை, பின்னால் கிணறு, வேப்பமரம். அந்தப் பாரம் நமக்கு இல்லை. மாடி அறையைக் காந்தா அத்தை வந்து பிடுங்கப் போவதில்லை.

மறுநாள் காலை காந்தா அத்தை போன் செய்தாள். போபாலில் இருக்கிறாள். அவள் பேசினால் போன் இல்லாமலே இங்கே கேட்கும்.

"ஏண்டா, நாங்க பதினாலு பேரும் உன் வீட்டுக்குத்தான் வர்றோம். உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். தங்கமான பொண்ணு. கேட்டதும் சரின்னுட்டா."

"அத்தை, கைலாஷ் வீடு..."

"அவன் வீட்டுல யாரும் தலைசாய்க்கக் கூடாதாமே. ஜாதகத்துல வந்திருக்காம். அழறான்டா பாவம். உன் கடையில எடுத்ததுதானாம். நல்லவேளை, நேரத்துல சொன்னே. உன் அப்பன் பேரைக் காப்பாத்திட்டேடா."

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனேன். வந்தனா சர்க்கரை டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கைலாஷுக்கு நீ எதுக்கு ஜாதகம் போட்டே?"

"அவரே வந்தாருங்க. வயசு முப்பத்தாறு ஆகுது, ஒரு தடவை பாருங்க அண்ணின்னாரு."

"அவனே வந்தானா?"

"நான் ஒரு போன் பண்ணினேன். அதுக்கப்புறம் அவரேதான் வந்தாரு."

"எப்ப?"

"நீங்க தூங்கும்போது."

"அந்தப் பலன் நான் சும்மா எழுதினதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"சும்மா எழுதினதா?" வந்தனா டப்பாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கிரகம் எழுதினதுன்னீங்களே. சும்மா எழுதினதுன்னா இப்பவே போய்க் கைலாஷ்கிட்ட சொல்லிடுங்க. அப்படியே அத்தைகிட்டயும் சொல்லிடுங்க. சந்துல எல்லார்கிட்டயும் சொல்லிடலாம், நாகர் கடையில பலன் எல்லாம் சும்மா எழுதறதுதான்னு."

எப்படிச் சொல்வேன்? அந்தக் கடைதான் எனக்குச் சோறு போடுகிறது. அப்பாவின் பெயர்தான் பலகையில் இருக்கிறது.

"இருபத்தஞ்சு பேர், வந்தனா. உனக்கே கஷ்டம் இல்லையா?"

"பதினோரு பேர்னாதாங்க எனக்குக் கஷ்டம். போன மேளாவுல முப்பது நாளும் நான் ஒருத்தியா கோதுமை மாவுல பாஃப்லா உருட்டினேன். ஷிப்ரா பக்கத்துலயே இருந்தும் ஒரு நல்ல நாளுக்குக்கூட முழுக்குப் போடல. எங்க பக்கத்து ஆளுங்க கரண்டியைத் தொடமாட்டாங்க. உங்க அத்தைங்க ரெண்டு பேரும் வந்தா வேற யாரையாவது கரண்டியைத் தொட விடுவாங்களா?"

விடமாட்டார்கள். அது உண்மை. கைலாஷ் வீட்டில் அடுப்புப் பக்கம் போன சித்தியையே சரோஜ் அத்தை கை பிடித்து இழுத்து வெளியே விட்டவள். வந்தனா பன்னிரண்டு வருடமாக இதை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பன்னிரண்டு வருடமாகத் தூங்கியிருக்கிறேன்.

மேளா வந்தது. இருபத்தைந்து பேரும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். காந்தா அத்தை நேராக அடுப்புக்குப் போனாள். சரோஜ் அத்தை நேராக அரிசி டப்பாவுக்குப் போனாள். வந்தனா தன் அக்காவோடு நேராக ஆற்றுக்குப் போனாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தால் நெய்யில் ஊறின பாஃப்லாவும் பருப்பும் தட்டில் வந்து விழுகிறது. "இன்னும் ஒண்ணு போட்டுக்கோ கண்ணு, இளைச்சுட்டே" என்கிறாள் என் அத்தை. என்னைப் பார்த்தால், "வழியில நிக்காதடா" என்கிறாள்.

இரண்டாம் நாள் மதியம் மாடி அறைக்கு ஏறினேன். என் கட்டிலில் காந்தா அத்தை. முட்டி வலியாம், தரையில் உட்கார முடியாதாம். கூலர் அவள் பக்கம் திரும்பியிருந்தது. தரையில் எட்டுப் பேர், மெத்தைக்கு மெத்தை. சரி, படிக்கட்டு இருக்கிறதே என்று இறங்கினேன். அங்கே என் மைத்துனர் ரத்லாம் சேவுப் பொட்டலத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, இங்க நல்ல காத்து" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். கடைக்குப் போகலாமென்றால் அங்கே மந்த்சோர்க்காரர்கள் மூன்று பேர், மின்விசிறிக்குக் கீழே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொதிக்கிற வெயிலில் நடந்தேன். நாலு அறை வீடு காலியாகக் கிடக்கிறது. உடன்பிறந்தவன் மாதிரி ஒருத்தன் இருக்கிறான். இரண்டு மணி நேரம் போதும்.

கைலாஷ் கதவைப் பாதி திறந்தான். உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்தது.

"என்னடா, தலையணையோட?"

"கொஞ்சம் தூங்கிட்டுப் போயிடறேன்டா. நாலு மணிக்கு எழுந்திடுவேன்."

"எழுந்து?"

"போயிடுவேன்."

"போகமாட்டியே." கைலாஷ் மோதிர விரல்களால் கதவின் பின்பக்கத்தைக் காட்டினான். என் கடைத் தாள், லாமினேட் செய்து ஒட்டியிருந்தது. "வந்தவர் போகார்னு போட்டிருக்குடா."

"நான் வேத்து ஆளா? உன் பெரியப்பா பையன்டா."

"'தம் குடும்பத்தார் தவிர'ன்னு இருக்கு. உனக்கு ரேஷன் கார்டு தனி, எனக்குத் தனி."

வெயில் மண்டையில் இறங்கியது. கடையாவது, பெயராவது. ஒரு மனிதனுக்குத் தூக்கம்தான் முக்கியம்.

"டேய் கைலாஷ், உண்மையைச் சொல்லிடறேன். அது சாஸ்திரமே இல்ல. நான் உட்கார்ந்து எழுதினதுடா. எங்க அப்பா மேல சத்தியம். என்னை உள்ள விடு."

கைலாஷ் என்னை ரொம்ப இரக்கத்தோடு பார்த்தான். பார்த்துக்கொண்டே கதவைச் சாத்த ஆரம்பித்தான்.

"தூக்கம் தாங்காம, நானே எழுதினதுன்னுகூடச் சொல்லுவாரு, நம்பிடாதீங்கன்னு அண்ணி சொல்லியிருக்காங்கடா. ஆனா நீ மூணாம் நாள்தான் வருவேன்னாங்க. ரெண்டாம் நாளே வந்துட்டியே."